இரவல் செவ்வாய்க்கிழமை

வெள்ளிக்கிழமை மதியம் பாங்கு சொன்னதும் கும்மிடிப்பூண்டி பஜாரில் அசன் முகைதீன் ஹார்ட்வேர்ஸ் ஷட்டர் பாதிக்கு இறங்கும். மாமனாரும் புருஷன் மொஹசினும் தொப்பியைத் தேடி எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குக் கிளம்புவார்கள். கொழுந்தன் அஸ்கர் அலி இன்ஜினியரிங் படிக்கிறவன், காலேஜ் பக்கத்திலேயே தொழுதுவிடுவான். வீட்டில் பிரியாணி தம்மில் இருக்கும். பர்ஹானா என்று ஒருத்தி இந்தப் பூமியில் இருக்கிறாள் என்பது அவளுக்கே அப்போதுதான் நினைவுக்கு வரும்.

அந்த நேரத்தைக் கொடுத்தது மாமனார்தான். சிப்காட் கம்பெனிக்காரர்கள் நட்டு போல்ட்டுக்கெல்லாம் மெயிலில் விலை கேட்கத் தொடங்கியிருந்தார்கள். வீட்டில் இங்கிலீஷ் தடுமாறாமல் வாசிக்கிறவள் மருமகள். அஸ்கரைக் கேட்டால் மாலை வந்து பார்க்கிறேன் என்பான், வந்ததும் தூங்கிவிடுவான். "வெள்ளிக்கெழம நாங்க தொழுவப் போறப்ப நீ போய்ப் பாத்துட்டு வந்துடும்மா" என்று சொல்லிவிட்டார். மற்ற நாட்களில் அவளை யாரால் விட முடியும்? அவள் இல்லாவிட்டால் அந்த வீட்டில் ஒரு டம்ளர்கூட இடம் மாறாது.

கல்பனாவின் பிரவுசிங் சென்டர் பஜாரிலேயே ஒரு மாடியில் இருந்தது. கடை மெயிலைப் பார்த்துப் பதில் போட ஒரு டீ குடிக்கிற நேரம் போதும். மிச்ச நேரத்தில் பர்ஹானா தன் கனவுகளை எழுதினாள்.

அவளுக்குக் கனவுக்குப் பஞ்சமே இல்லை. பழவேற்காட்டு ஏரி பெருகி வந்து கடைக்குள் முழங்கால் அளவு நிற்கும். டப்பாவில் இருந்த போல்ட்டெல்லாம் இறால் குஞ்சாகி நீந்திப் போகும், மாமனார் வலையோடு பின்னால் ஓடுவார். இன்னொரு நாள் ஆலைப் புகைபோக்கிக்குள் அவள் படியேறிக்கொண்டே இருப்பாள், உள்ளே குளுகுளுவென்று இருக்கும், உச்சியில் யாரோ மல்லித் துவையல் அரைக்கும் வாசனை வரும். காலையில் எழுந்து இதையெல்லாம் யாரிடம் சொல்வது? மொஹசினிடம் ஒருமுறை சொன்னாள். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அஜீரணமாக இருக்கும் என்று சோடா வாங்கி வந்தான். நல்ல மனுஷன்தான், அதில் குறை சொல்ல முடியாது.

அதனால் இணையத்தில் ஒரு பக்கம் திறந்தாள். பெயர், ஊர், வயது, எதுவும் போடவில்லை. கனவில் வந்த கடையை எழுதும்போது வீடாக்கினாள், போல்ட்டைப் பாசிமணியாக்கினாள். 'பூநாரை' என்று மட்டும் போட்டுக்கொண்டாள். எல்லாவற்றையும் ஒளித்துவிட்டுத் தன் ஊர் ஏரிக்கு வரும் பறவையின் பெயரைத் தலையில் எழுதி ஒட்டிக்கொண்டாள், சமர்த்து. மற்றபடி அவளைப் போல ஜாக்கிரதைக்காரி கிடையாது. சுவர்ப்பக்கம் முதுகு வைக்கும் கடைசி கேபினில்தான் உட்காருவாள். எழுந்திருக்கும் முன் சைன் அவுட் செய்து, ஹிஸ்டரியை அழித்து, போதாததற்கு முகவரிக் கட்டத்தில் ஓர் எழுத்தை அடித்துப் பார்ப்பாள், தன் பக்கத்தின் பெயர் கீழே விழுகிறதா என்று. மற்றவர்கள் விட்டுப்போனதுதான் வந்து விழும். யாரோ தேடிய பரீட்சை ரிசல்ட், யாரோ தேடிய வரன். அடுத்த வீட்டுக் கொடியில் காயும் துணியைப் பார்க்காத மாதிரி அவள் கண்ணைத் திருப்பிக்கொள்வாள். அவள் என்ன எழுதுகிறாள் என்று கல்பனாவும் கேட்டதே இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, பக்கத்தைத் திறந்தபோது வழிப்போக்கன் என்ற பெயரில் யாரோ பின்னூட்டம் போட்டிருந்தார்கள்.

'உங்கள் பதிவுகளின் நாளையும் நேரத்தையும் கவனித்தேன். எல்லாமே வெள்ளிக்கிழமை, எல்லாமே ஜும்மா நேரம். வீட்டு ஆண்கள் பள்ளிக்குப் போனபிறகு எழுதுகிறீர்களோ? ஏரியும் பூநாரையும் வருவதால் பழவேற்காட்டுப் பக்கம் என்று நினைக்கிறேன். சரியா?'

பர்ஹானா பழைய பதிவுகளைத் திறந்து பார்த்தாள். ஒவ்வொரு பதிவின் காலடியிலும் நாளும் நேரமும் கறுப்பாக நின்றுகொண்டிருந்தன. இத்தனை நாளும் அதைப் பார்க்காமல் எப்படி இருந்தோம் என்று அவளுக்கே விளங்கவில்லை.

அன்று மாலை அஸ்கர் சாப்பிட உட்கார்ந்தான். வழக்கம்போல வாய் ஓயவில்லை.

"அண்ணி, நெட்ல ஒரு பொண்ணு கனவா எழுதிக்கினு கீது. சூப்பரா கீது. நம்ம ஜனம்தான், நம்ம ஊர் பக்கம்தான். நான் கமெண்ட் போட்டுக்கீறேன். யாருன்னு கண்டுபுடிச்சிக் காட்றேன் பாரு."

"கண்டுபுடிச்சி இன்னா பண்ணுவ?" என்று கேட்டாள். குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

"சும்மா. அத்தா கிட்ட சொல்லிச் சிரிக்கலாம். எவன் வூட்டு மருமவளோ, மாமனாருக்கு வலைய குடுத்து எறா புடிக்க வுட்டுக்கீது."

அவன் கெட்டவன் இல்லை. விளையாட்டுப் பிள்ளை. அதுதான் பயமாக இருந்தது. இந்த வீட்டில் அது தெரிந்தால் யாரும் அடிக்கப் போவதில்லை, கத்தப் போவதுகூட இல்லை. சிரிப்பார்கள். விருந்தாளி வந்தால் சொல்லிக் காட்டுவார்கள். கடை மெயிலை இனி அஸ்கரே பார்த்துக்கொள்வான் என்று மாமனார் தன்மையாகச் சொல்லுவார். அவளுக்கென்று இருந்த அந்த ஒரு மணி நேரம் அத்தோடு போய்விடும்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் மெயிலை மட்டும் பார்த்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள். கல்பனா அருகே வந்தாள்.

"இன்னாக்கா, பேஜாரா கீற?"

பாதியைச் சொன்னாள். நேரத்தை வைத்து ஒருத்தர் கண்டுபிடிக்கப் பார்க்கிறார், வேறு நேரம் எனக்குக் கிடையாது என்றாள். கல்பனா பக்கத்தைத் திறக்கச் சொல்லிக் குனிந்து, எழுதும் கட்டத்துக்குக் கீழே ஓர் இடத்தை அழுத்தினாள். நாளும் நேரமும் போட இரண்டு கட்டம் விரிந்தது.

"இப்ப புதுசா வந்துக்கீதுக்கா. நீ இன்னிக்கி எழுதி வெச்சிட்டு, செவ்வாக்கெழம சாயந்தரம்னு போடு. அன்னிக்கி அதுவே வெளிய வந்துடும். நீ வர தேவல."

"நான் இல்லாமயா?"

"நீ எங்கியோ சட்டி கழுவிக்கினு இருப்ப. அது பாட்டுக்கு வரும்."

செவ்வாய்க்கிழமை மாலை பர்ஹானா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். சமையலறை ஜன்னலுக்கு வெளியே ஆலைப் புகை இளஞ்சிவப்பாகக் கலைந்து போனது. இதோ இந்த நிமிஷம் தன் கனவு தானாகக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போகிறது என்று நினைத்தாள். கத்தி அப்படியே நின்றது. எங்கோ ஒரு மாடி அறையில், பூநாரை என்ற பெண் தலைமுடியை உலரவிட்டபடி ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதுகிறாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. பக்கத்தில் டீ ஆறிக்கொண்டிருக்கிறது, ஆறினால் ஆறட்டும் என்று இருக்கிறாள்.

அதன்பிறகு அவளுக்குக் கை தாராளமாகிவிட்டது. அந்தப் பெண்ணுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையைக் கொடுத்தாள். புதன்கிழமை நடுமதியத்தைக் கொடுத்தாள். நோன்பு மாதத்தில், அடுப்படியில் நிற்க நேரம் போதாத அந்த மாலைகளைக்கூட எடுத்துக் கொடுத்தாள். தனக்குக் கிடைக்காத பொழுதையெல்லாம் அவள் வாழ்ந்துவிட்டுப் போகட்டும் என்றிருந்தது. மாவு பிசையும்போது, துணி அலசும்போது, அந்த நேரம் வந்ததும் உள்ளுக்குள் எதுவோ மெதுவாகத் திறந்து மூடும். பயம் விட்டுப் போயிருந்தது. அப்படி ஒரு சந்தோஷத்தை அவள் அதற்கு முன் அறிந்ததில்லை.

பெருநாள் கழிந்த ஒரு மாலை அஸ்கருக்குச் சப்பாத்தி போட்டுக்கொண்டே கேட்டாள். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"இன்னாடா, அந்தக் கனவுக்காரிய கண்டுபுடிச்சியா?"

"அத வுடு அண்ணி. நான் நெனச்சது ராங்கு. நேரம் காலம் இல்லாம எழுதுது. செவ்வாக்கெழம, புதங்கெழம, நோம்பு தொறக்கற நேரத்துலகூட எழுதுது. வேல வெட்டி இல்லாத பணக்கார வூட்டுப் பொண்ணு போல. குடுத்து வெச்சவ."

பர்ஹானா சிரித்தாள். அவள் ஜெயித்துவிட்டாள். இனி யாரும் தேடி வர மாட்டார்கள்.

"இப்பல்லாம் நான் படிக்கறதே இல்ல" என்றான் அவன், தட்டைப் பார்த்தபடி. "மொதல்ல நல்லா இருந்துது. ஆம்பளைங்க திரும்பி வர்றதுக்குள்ள எழுதி முடிச்சிடணும்னு யாரோ ஓடி ஓடி எழுதற மாதிரி இருந்துது. பாவம், அந்த ஒரு நேரம்தான் அதுக்குக் கெடைக்குதுன்னு நெனச்சிக்கினு படிப்பேன். சில நாளு ஜும்மால ஒக்காந்துக்கினு, இந்நேரம் எழுதிக்கினு இருக்கும்னு தோணும். துவா கேக்கறப்ப அதுக்கும் சேத்து வேண்டிக்குவேன், சிரிக்காத. அதெல்லாம் சும்மான்னு தெரிஞ்சப்புறம் படிக்க மனசு வரல."

தோசைக்கல்லில் சப்பாத்தி உப்பி நின்றது. ஓடி ஓடித்தான் எழுதினேன் அஸ்கர், அந்த ஒரு நேரம்தான் எனக்கு என்று சொல்லிவிடலாமா என்றிருந்தது. இந்த வீட்டில் ஒருத்தன், அவள் யாரென்று தெரியாமலே, அவளுக்கு நேரம் இல்லை என்பதைத் தெரிந்து வைத்திருந்தான். அவனைத்தான் அவள் இத்தனை சாமர்த்தியமாக ஏமாற்றி அனுப்பியிருக்கிறாள்.

"அண்ணி, கருகுது பாரு" என்றான் அஸ்கர்.

அவள் சப்பாத்தியைத் திருப்பிப் போட்டாள். கருகியதைத் தனக்கென்று எடுத்து வைத்துவிட்டு, அவனுக்கு வேறொன்று தேய்க்க மாவை உருட்டினாள்.