எலிக்கடி

திருப்போரூர் பக்கம் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் சுண்டெலிக் கூண்டுகளைக் கழுவுவது என் வேலை. ஆண் பெண் சேர்க்கையால் வரும் வெட்டை நோயை எலிகளுக்கு ஏற்றி, தடுப்பூசி வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் ஓர் எலி கையுறையோடு சேர்த்து என் விரலைக் கடித்துவிட்டது.

“கடிச்சா அது வராதுண்ணா. புண்ணு சீழ் வைக்காம இருக்கத்தான் இந்த ஊசி,” என்றார் அந்த ஆராய்ச்சியை நடத்தும் சுப்ரஜா மேடம், எனக்கு ஊசி போட்டபடி.

தலையாட்டினேன். ஆனால் அறிவொளி வகுப்பில் எழுத்துக்கூட்டப் பழகியதும் நான் முதலில் படித்தது செங்கல்பட்டு பேருந்து நிலையச் சுவர் விளம்பரங்களைத்தான். வெட்டை என்ற சொல் அங்கே எப்போதும் கெட்ட சகவாசத்தோடுதான் இருந்தது.

வீட்டில் என் தட்டையும் துண்டையும் தனியாக வைத்தேன். பாயைச் சுவரோரம் இழுத்துப் போட்டேன். மனைவி தனபாக்கியம் விரல் கட்டைப் பார்த்தாள்.

“இன்னாய்யா இது?”

“எலி கடிச்சிட்சி.”

“எலி கடிச்சா பாய் ஏன் அந்தாண்ட போவுது? அந்த எலிக்குப் பேரு இன்னா?”

வேறு வழியில்லாமல் நோயின் பெயரைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

“மேடம் இன்னா சொன்னாங்க?”

“வராதுன்னாங்க.”

“அப்புறம் நீ ஏன் பயந்துகினு கீற?”

நான் பாயின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தேன்.

“நாளைக்கு நானும் வரேன். அந்தம்மா என் மூஞ்சப் பார்த்துச் சொல்லட்டும்.”