இ.எஸ்.ஐ. எடுக்கிற கண்ணாடிக்கடை

ஒரகடம் கம்பெனியில் காரின் கதவுகள் பெயின்ட்டில் குளித்துவிட்டு, தலைக்குமேல் ஓடும் சங்கிலியில் தொங்கிக்கொண்டு வரும். மஞ்சள் கோட்டைத் தாண்டாமல் தள்ளி நின்றே பள்ளம், கீறல் எல்லாவற்றையும் பிடித்துச் சொல்ல வேண்டும். அதுதான் செல்லக்கனியின் வேலை. கொஞ்ச நாளாக அவளுக்குக் கதவே மங்கலாகத்தான் வந்தது. அதில் பள்ளத்துக்கு எங்கே போவாள்?

சூப்பர்வைசர் மாரிராஜ் கூப்பிட்டுச் சொல்லிவிட்டான். இன்னொரு கீறல் தப்பினால் அவள் பேக்கிங்குக்குப் போக வேண்டியதுதான். பேக்கிங் என்றால் நாள் முழுக்கப் பெட்டி தூக்க வேண்டும், இடுப்பு கழன்றுவிடும்.

"காசு குடுத்துக் கண்ணாடி வாங்கித் தொலையேன்" என்றாள் அறைத்தோழி சுகப்பிரியா. அவளும் அதே லைன்தான்.

"எதுக்குட்டி? மாசாமாசம் சம்பளத்துல இ.எஸ்.ஐ.க்குப் புடிக்கான்லா? அதுலதான் வாங்குவேன்."

தூத்துக்குடிப் பக்கத்துப் பிடிவாதம், லேசில் இறங்காது. ஸ்ரீபெரும்புதூரில் ஏறி இறங்காத கண்ணாடிக்கடை இல்லை. உள்ளே போகும்போது "வாங்க மேடம்" என்பார்கள். இ.எஸ்.ஐ. என்ற சொல்லைக் கேட்டதும் மேடம் போய் "இல்லம்மா" ஆகிவிடும். கடைசியில் இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் சீட்டு கொடுக்கும் கிளியம்மாள்தான் வழி காட்டினாள்.

"கண்ணு டாக்டரு இங்க ஏதும்மா? தண்டலத்துல பிரசன்னான்னு ஒர்த்தரு கடை வச்சிகினு கீறாரு. அவரு எடுத்துக்குவாரு. வாசல்லயே நோட்டீஸ் ஒட்டிகீது பாரு."

நோட்டீஸ் ஒட்டித்தான் இருந்தது, பொடி எழுத்தில். கம்பெனி பஸ்ஸில் தினமும் அதைக் கடந்துதான் செல்லக்கனி போய்வந்திருக்கிறாள். கண் நன்றாகத் தெரிகிறவர்களுக்காக ஒட்டியது போலும்!

பிரசன்னா கார்டை வாங்கிப் பார்த்துவிட்டு, மறுபேச்சு இல்லாமல் அவளை நாற்காலியில் உட்காரவைத்தார். எதிர்ச் சுவரில் எழுத்துப் போர்டு. ஒரு கண்ணை மூடியதுதான் தாமதம், செல்லக்கனியின் வாய் தானாக ஓட ஆரம்பித்தது.

"ஈ. எஃப், பி. டி, ஓ, ஜெட். எல், பி, ஈ, டி..."

வேலைக்குச் சேரும்போது கம்பெனியில் வைத்த கண் டெஸ்ட்டுக்காக மனப்பாடம் செய்தது அது. ஹாஸ்டலில் புதிதாக வருகிற பெண்ணுக்குப் பாத்ரூம் எங்கே என்று சொல்வதற்கு முன்னால் இதைத்தான் சொல்லிக்கொடுப்பார்கள்.

கடைசி வரி வரைக்கும் பொறுமையாகக் கேட்ட பிரசன்னா சொன்னார்: "அது தமிழ் போர்டும்மா."

துணைக்கு வந்து ஓரமாக உட்கார்ந்திருந்த சுகப்பிரியாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"சார், பட்டிக்காட்டுப் புள்ளன்னு ஏமாத்தாதீய. அது இங்கிலீஷுதான். எனக்கு நல்லாத் தெரியுதுல்லா!"

பிரசன்னா திரும்பி அவளை ஒரு பார்வை பார்த்தார்.

இனி மறைத்துப் பயனில்லை. செல்லக்கனி எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். "கம்பெனிக்குச் சொல்லிருவீயளா சார்? லைனை விட்டுத் தூக்கிருவாவ."

"சொல்லி எனக்கு என்னம்மா ஆகப்போவுது? கண்ணாடி போட்டா சரியாயிடும். இப்ப படி."

கனத்த சோதனைச் சட்டத்தை அவளுக்கு மாட்டி, அதில் ஒவ்வொரு வில்லையாக மாற்றினார். திடீரென்று சுவரில் ஒரு 'ற' பளிச்சென்று வந்து நின்றது. அப்புறம் 'ட', அப்புறம் 'ப'. இந்தத் தடவை நிஜமாகவே படித்தாள். பேக்கிங்குக்குப் போக வேண்டாம் என்று நினைத்ததும் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. வில்லை ஈரமாகிவிடுமே என்று அடக்கிக்கொண்டாள்.

"அடுத்து நீ வந்து உக்காரும்மா" என்று பிரசன்னா சுகப்பிரியாவின் கார்டுக்குக் கை நீட்டினார். அவள் முணுமுணுத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். அவர் பெருமூச்சு விட்டார்.

"நான் போன வருஷம்தான் புதுசா உங்க கம்பெனி கார் வாங்கினேன். ஆமா, உங்க லைன்ல இப்படி மனப்பாடம் பண்ணவங்க எத்தனை பேரு?"

தோழிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒரு ஷிப்டுக்கா சார், மூணு ஷிப்டுக்குமா?" என்றாள் செல்லக்கனி.