முந்திக்கொண்ட மன்னிப்பு

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று ஜப்பானின் மாட்சுவே நகரத்தில் நடத்தும் ஜப்பானிய மொழிப் படிப்புக்கு முராய் சதோமிதான் இயக்குநர். நியமனக் கடிதத்தில் அவள் வேலையைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தார்கள். மாணவர் கல்வி, மாணவர் நலம், பண்பாட்டுப் பரிமாற்றம் என்று என்னென்னவோ இருந்தது. பதினொரு வருடத்தில் சதோமி அதை ஒரே வரிக்குள் அடக்கிவிட்டாள்: பிள்ளைகள் தப்பு செய்வார்கள், அவள் போய் மன்னிப்புக் கேட்பாள்.

வெறுங்கையோடு போக முடியாது. கோட்டை அகழி ஓரத்து இனிப்புக் கடையில் மூன்று அளவில் பெட்டி உண்டு. பஸ்ஸில் சத்தமாகச் சிரித்தால் சின்னப் பெட்டி. தங்கியிருக்கும் வீட்டில் எதையாவது உடைத்தால் நடுப் பெட்டி. பெரிய பெட்டியை அவள் இரண்டே முறைதான் வாங்கியிருக்கிறாள். அதில் ஒன்று தீயணைப்பு நிலையத்துக்குப் போனது. அவள் படியேறும்போதே கடைக்காரம்மா முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு எந்த சைஸுங்க சென்செய்?" என்று கேட்பாள். ஆசிரியரை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

அந்த வருடத்துப் பெட்டிகளில் பாதி வெண்டலால் வந்தவை. நெப்ராஸ்காக்காரன், இருபது வயது, நிலைப்படிகளில் எல்லாம் தலையை இடித்துக்கொள்ளும் உயரம். முதலில் தங்கிய வீட்டில், விருந்தாளி என்று முதலில் குளிக்க விட்டார்கள். குளித்து முடித்ததும் தொட்டியின் அடைப்பைப் பிடுங்கித் தண்ணீரைத் திறந்துவிட்டான். பின்னால் ஐந்து பேர் அதே வெந்நீரில் இறங்கக் காத்திருந்தார்கள். ஒன்பது நாள் ஒரு வார்த்தை சொல்லாமல் மறுபடி மறுபடி நிரப்பினார்கள். பத்தாம் நாள் அந்த வீட்டு அம்மா சதோமியைச் சந்தையில் பார்த்து, "அமெரிக்காவுல தண்ணி நெறைய கெடைக்குமோ?" என்று மட்டும் கேட்டாள். சதோமிக்கு அப்போதே புரிந்துவிட்டது. நடுப் பெட்டி, வீடு மாற்றம், முதல் எச்சரிக்கை.

இரண்டாவது எச்சரிக்கை ஆங்கிலத்துக்கு. வந்த நாள் முதல் திரும்பும் நாள் வரை ஜப்பானிய மொழியைத் தவிர வேறெதுவும் பேச மாட்டேன் என்று ஒவ்வொரு பிள்ளையும் கையெழுத்துப் போட்டிருக்கிறது. தங்கவைக்கும் குடும்பங்களும் போட்டிருக்கின்றன. பிள்ளைகளின் காதில் விழ இயக்குநரும் ஆங்கிலம் பேசக் கூடாது என்று ஒரு விதி. அதை எழுதியதே சதோமிதான். வெண்டலின் காசை ஒரு குளிர்பான இயந்திரம் விழுங்கியது. அதனிடம் அவன் தாய்மொழியில் மனம்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது பின்னால் சதோமி நின்றாள்.

"மெஷின்கிட்டப் பேசினா கணக்குல வராதுன்னு நெனச்சேன், சென்செய்."

"அது ஜப்பான் மெஷின்."

மூன்றாவது எச்சரிக்கை என்றால் விமானம்தான். தலைமை அலுவலகம் இப்போதே அனுப்பிவிடலாம் என்றுதான் எழுதியது. சதோமிதான் தன் பெயரை அடகு வைத்து அவனை நிறுத்திக்கொண்டாள். காரணம் கேட்டால் அவன் படிப்பு ஆர்வத்தைச் சொல்வாள். உண்மைக் காரணம், அவனை அவளுக்குப் பிடித்திருந்தது. போனில் பேசும்போதுகூட சுவரைப் பார்த்துக் குனிந்து வணங்குகிற பிள்ளையை எப்படித் திருப்பி அனுப்புவது?

டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஹொரியே வீட்டிலிருந்து போன் வந்தது. வெண்டல் இப்போது தங்கியிருக்கும் வீடு அது. ஹொரியே முப்பத்தெட்டு வருடம் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். பேசியது அவர் மனைவி மிட்சுயோ.

"அவசரம் ஒண்ணும் இல்லீங்க சென்செய். பெரிய விஷயமும் இல்ல. வெண்டல் விஷயமா ஒரு சின்னப் பேச்சு. உங்களுக்கு எப்ப தோதுப்படுதோ அப்ப இந்தப் பக்கம் வந்தீங்கன்னா..."

அந்த ஊரில் வீடு பற்றி எரிந்தாலே 'கொஞ்சம் புழுக்கமா இருக்கு' என்றுதான் சொல்வார்கள். அவசரமில்லை, பெரிதில்லை, சின்னப் பேச்சு என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னால் என்ன அர்த்தம்? அவன் துணிமணியைக் கட்டி வாசலில் வைத்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

இடைவேளையில் வெண்டலைத் தாழ்வாரத்தில் மடக்கினாள்.

"ஹொரியே வீட்டுல என்ன பண்ணித் தொலச்ச? ஒண்ணுவிடாம சொல்லு. எனக்குத் தெரிஞ்சாத்தான் நான் முந்திக்கிட்டு மன்னிப்புக் கேக்க முடியும்."

வெண்டலின் முகம் வெளுத்தது. ஒவ்வொன்றாக மூன்று விஷயம் சொன்னான். மூன்றாவதைக் கேட்டு சதோமி சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"அவ்வளவுதானா?"

அவன் தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தான். "அவ்வளவுதான், சென்செய்."

அன்று கடைக்காரம்மா எதுவும் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்ததும் பெரிய பெட்டியை எடுத்துத் துணியில் கட்டிக் கொடுத்துவிட்டாள்.

இரண்டு மணிக்கு ஹொரியே வீட்டில் கணவனும் மனைவியும் பக்கத்தில் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர் கோட்டு போட்டிருந்தார், வீட்டுக்குள். சதோமிக்கு இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போனது. மிட்சுயோ தேநீரை நுரைக்கக் கடைந்து முன்னால் வைத்து, "சென்செய், உண்மைய சொல்லணும்னா..." என்று தொடங்கினாள். தொடங்க விட்டால் காரியம் கெட்டது. சதோமி பெட்டியை முன்னால் தள்ளிவிட்டு, இரு கைகளையும் பாயில் ஊன்றி நெற்றி தரையில் படக் குனிந்தாள்.

"எல்லாம் என் கவனக்குறைவு. மொதல்ல அந்தக் குப்பை விஷயத்துக்கு மன்னிச்சுக்குங்க."

"எந்தக் குப்பை?" என்றார் ஹொரியே.

"எரியாத குப்பை நாள்ல எரியிற குப்பையக் கொண்டுபோய் வெச்சது. தெருச் சங்கத் தலைவர் உங்க வீட்டுக் கதவுல சீட்டு ஒட்டினாரே."

மிட்சுயோ மெல்லக் கணவன் பக்கம் திரும்பினாள். அவர் நேராகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் இல்லன்னு சொன்னேன். நீ ரெண்டு நாள் எங்கூடப் பேசல," என்றார்.

சதோமிக்கு உள்ளே ஏதோ இடித்தது. ஆனாலும் மன்னிப்பு என்பது இறக்கத்தில் விட்ட வண்டி, பாதியில் நிறுத்த முடியாது. "அப்புறம்... கூரையோரம் காயப்போட்ட பெர்சிமன் பழத்த அவன் ஒவ்வொண்ணாத் தின்னது."

"அது காக்கா," என்றார் ஹொரியே.

சதோமி மறுபடி குனிந்தாள்.

"காக்காவ வெரட்டப் பழைய சிடி எல்லாம் கயித்துல கட்டித் தொங்கவிட்டேன். பத்து நாளா அந்த வெளிச்சத்துல எனக்கே கண்ணு கூசுது. அந்தப் பையன்தான் ஏணியப் பிடிச்சுக்கிட்டான். 'காக்கா ரொம்ப மோசம், அப்பா'ன்னு வேற சொன்னான்."

வாயை மூடிக்கொண்டு இனிப்பைச் சாப்பிடச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் நாக்கு அவள் பேச்சைக் கேட்கவில்லை. "கடைசியா, அந்த இரும்புக் கெட்டில். உள்ள துரு மாதிரி இருக்கேன்னு சோப்பு போட்டுக் கம்பி நாரால பளபளன்னு தேச்சிட்டானாம். நல்லது செய்றதா நெனச்சு..."

அந்தக் கெட்டில் ஹொரியேயின் அப்பா காலத்தது. அறுபது வருடம் தண்ணீர் கொதித்துக் கொதித்து உள்ளே படிந்த படிவில்தான் அதன் ருசி இருந்தது. அதை யாரும் கழுவுவதில்லை, கழுவ வேண்டும் என்று நினைப்பதுமில்லை.

"அதான் டீல இரும்பு வாடையா?" என்றார் ஹொரியே மெதுவாக. "நாக்கு செத்துப்போச்சுன்னு நெனச்சு நான் டாக்டர்கிட்டப் போனேன். அவரு வயசாச்சுன்னு சொல்லி மாத்திர குடுத்தாரு. மூணு வாரமா முழுங்கறேன்."

சதோமிக்கு அப்போதுதான் விளங்கியது. இவர்களுக்கு எதுவுமே தெரியாது. தெரியாத மூன்று குற்றங்களைச் சுமந்துகொண்டு வந்து நடு வீட்டில் கொட்டியது அவளேதான். பதினொரு வருட அனுபவம்! வெண்டலை அவளே விமானம் ஏற்றிவிட்டாள். காதுவரை சுட்டது.

"அப்ப நீங்க என்னைக் கூப்பிட்டது..."

"மன்னிப்புக் கேக்கத்தான் கூப்பிட்டோம்," என்றாள் மிட்சுயோ. "எங்க இவரு உங்க விதிய மீறிட்டாரு. இங்கிலீஷ் படிக்கிறாரு. வெண்டல்கிட்ட."

இப்போது ஹொரியே நெற்றியைப் பாயில் வைத்தார். முப்பத்தெட்டு வருடத்தில் ஒரு நிறுத்தத்தைக்கூட நேரத்துக்கு முன்னால் தாண்டாத மனுஷர். "வீட்டுக்குள்ள கூடாதுன்னுதான் தாள்ல போட்டிருந்தது. அதனால வேன்ல உக்காந்து படிச்சோம், முத்தத்துல நிறுத்தி வெச்சு. அது நியாயமில்லன்னு எனக்கே தெரியும். ராத்திரி தூக்கமில்ல. பையனத் திட்டாதீங்க. அவன் முடியாதுன்னுதான் சொன்னான். நான் கால்ல விழாத குறையாக் கெஞ்சினேன். தண்டனைன்னா லிஸ்ட்லேருந்து எங்க பேர அடிச்சிடுங்க."

அந்தச் சமயத்தில் வாசலில் சைக்கிள் விழும் சத்தம் கேட்டது. வெண்டல் மூச்சிரைக்க உள்ளே வந்தான், நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டான், அறையைப் பார்த்தான். ஹொரியே அப்பா தரையில் கிடக்கிறார், நடுவில் பெரிய பெட்டி. அவனும் அப்படியே மண்டியிட்டான்.

"நான் போயிடறேன், சென்செய். அவங்க பேர எடுத்துடாதீங்க."

"காலைல மூணு சொன்ன. இத ஏன்டா சொல்லல?"

"அது என் தப்பு மட்டும் இல்ல. அதனால அத என்னால சொல்ல முடியாது."

இந்தப் பிள்ளையையா அனுப்புவது என்று இருந்தது சதோமிக்கு. ஆனாலும் பதவி பதவிதான். முதுகை நிமிர்த்திக்கொண்டு, "ஆங்கிலம் பேசினியா இல்லையா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"வேன்ல உக்காந்து பாடம் எடுத்திருக்க."

"வாயத் திறக்கல, சென்செய். சத்தியமா. எழுதிக் குடுத்தேன். அர்த்தத்த ஜப்பானிய மொழிலதான் சொன்னேன். அப்பா படிப்பாரு. தப்பா இருந்தா தலைய ஆட்டுவேன். ஆறு வாரமா அப்படித்தான்."

ஒரு மொழியை ஒருமுறைகூடக் காதால் கேட்காமல் ஆறு வாரம் படித்திருக்கிறார் மனுஷர். சதோமிக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டாள்.

"எங்க, சொல்லுங்க பாப்போம், ஐயா."

"இங்கயா? வீட்டுக்குள்ள வேணாங்க," என்றார் ஹொரியே.

ஆக நால்வரும் முற்றத்துக்குப் போய் வேனில் ஏறினார்கள். ஓட்டுநர் இருக்கையில் ஹொரியே, பக்கத்தில் சதோமி, பின்னால் மிட்சுயோவும் முட்டியைக் காதுவரை மடக்கிக்கொண்டு வெண்டலும். ஹொரியே கண்ணாடியைச் சரிசெய்தார், இரு கைகளையும் ஸ்டியரிங்கில் வைத்தார், தொண்டையைச் செருமினார். அடுத்த நிறுத்தத்தை அறிவிக்கும் கணீர்க் குரலில் நீளமாக ஏதோ சொன்னார். சதோமி அமெரிக்காவில் ஆறு வருடம் இருந்தவள். ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை.

"நல்லா இருக்கா?" என்றார்.

சதோமி பின்னால் திரும்பி வெண்டலைப் பார்த்தாள். அவன் துயரத்தோடு தலையை ஆட்டினான். சதோமி கையை நீட்ட, நோட்டைக் கொடுத்தான். ஒரு பக்கம் முழுக்க ஒரே வாக்கியங்கள், அவன் பெரிய பெரிய எழுத்தில். பக்கத்தில் ஹொரியே பென்சிலில் எழுதிக்கொண்ட குறிப்புகள்.

'உன் கல்யாணத்துக்கு நான் வரவில்லை. அது என் தப்பு. என்னை மன்னித்துவிடு, ஜோசலின்.'

"மருமக," என்றார் ஹொரியே, முன் கண்ணாடியைப் பார்த்தபடியே. "எங்க பையன் கனடாவுல கட்டிக்கிட்டான். வேத்து நாட்டுப் பொண்ணுன்னு நான் போகல. ஏழு வருஷம் ஆச்சு. இந்தப் புத்தாண்டுக்கு மொதமுறையா வர்றா. இன்னும் ஒம்பது நாள்."

"உங்க பையன் மொழிபெயர்ப்பாரே, ஐயா."

"அவன் சொன்னா அது அவன் சொன்னதாயிடும். இத நான்தான் சொல்லணும்."

சதோமி நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஊரின் ஒவ்வொரு தெருவிலும் அவள் மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். பஸ்ஸுக்கு, தொட்டிக்கு, தீயணைப்பு நிலையத்துக்கு, இன்று கெட்டிலுக்கு. ஒன்றுகூட அவள் செய்த தப்பு இல்லை, ஒன்றுகூட அவளுக்குக் கஷ்டமாக இருந்ததில்லை. இந்த மனுஷர் மூன்று வரிக்கு ஆறு வாரமாக மூச்சுத் திணறிக்கொண்டிருக்கிறார்.

"வெண்டல், காதப் பொத்திக்கோ," என்றாள்.

அவன் பொத்திக்கொண்டான். பதினொரு வருடத்தில் முதல் தடவையாக, ஒரு மாணவன் முன்னால் உட்கார்ந்து, சதோமி அந்த மூன்று வரியையும் ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னாள். ஹொரியே அவள் வாயையே பார்த்தார். திருப்பிச் சொன்னார். மறுபடி சொன்னாள், மறுபடி சொன்னார். நான்காவது முறை முதல் வரி தேறியது. ஏழாவது முறை 'தப்பு' என்ற சொல் சரியான இடத்தில் விழுந்தது. கடைசி வரியில் மட்டும் ஒவ்வொரு முறையும் குரல் உடைந்து நின்றுபோனார்.

அப்போது பின் இருக்கையிலிருந்து சன்னமாக ஒரு குரல் கேட்டது. மூன்று வரியும், தடங்கலில்லாமல், ஏறக்குறைய சதோமி சொன்ன மாதிரியே. கடைசியில் அந்தப் பெயரும்.

ஹொரியே திரும்பினார். "நீ எதுக்கு இதச் சொல்லிட்டிருக்க? போக வேணாம்னு சொன்னது நானாச்சே."

மிட்சுயோ மடியில் வைத்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானும்தானே போகல," என்றாள்.