தளபதி செங்காந்தளின் கடைசிப் பக்கம்

கட்டிப்பிடித்து அழ அடுத்த கூட்டம் எப்போது வரும் என்று ரேணுகாம்பாள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கணவர் உமாபதி கூடத்தில் ஐஸ்பெட்டிக்குள் கிடந்தார். அவளை மூலையில் உட்காரவைத்துக் காவல் காத்தாள் நாத்தனார் பெரியநாயகி. அவள் அதட்டினால் ஏகாம்பரநாதர் கோபுரத்துப் புறாக்கள் வாலாஜாபாத் போய்த்தான் இறங்கும்.

"அண்ணி, எங்க எழுந்துக்கிறீங்க?"

"சும்மா, உள்ள போயி..."

"கருமாதி முடியற வரைக்கும் உள்ளயும் கெடையாது, வெளியயும் கெடையாது. குந்துங்க."

மடியில், முந்தானைக்கு அடியில் ஒரு புத்தகம் இருந்தது. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற உமாபதிக்குச் சர்க்கரையால் பார்வை போன பிறகு, தினமும் ரேணுகாம்பாள்தான் படித்துக் காட்டுவாள். எல்லாம் விண்வெளிச் சண்டைக் கதைகள். அதிலும் தளபதி செங்காந்தள் வந்துவிட்டால் இருவருக்கும் சோறு தண்ணீர் வேண்டாம். பல் துலக்குவதற்குள் ஒரு சாம்ராஜ்யத்தைக் கவிழ்ப்பாள். எரிகல்லை எட்டி உதைத்துத் திசை மாற்றுவாள். யாரிடமும் அனுமதி கேட்கமாட்டாள். அவள் கப்பல் கிளம்பும்போதெல்லாம் உமாபதி படுத்தபடியே "ரைட், போலாம்" என்பார். காஞ்சிபுரத்தைத் தாண்டாத ரேணுகாம்பாளும் அவரோடு பால்வெளி பால்வெளியாகச் சுற்றிவிட்டாள்.

நேற்று எதிரிகள் செங்காந்தளைத் தங்கள் கப்பலின் சரக்கறையில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். உள்ளே காற்று தீர்ந்துகொண்டிருந்தது. "மீதிய காலைல படி. நீ மட்டும் தனியா படிச்சிடாத" என்று சொல்லித் தூங்கினார் உமாபதி. காலையில் எழவில்லை. எடுப்பதற்குள் மீதியை அவருக்குப் படித்துவிட வேண்டும். அவளுக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

வழி ஒப்பாரியில் இருந்தது. பெண்கள் வட்டமாகக் குந்தி, தோளில் கைபோட்டுத் தலை கவிழ்ந்துவிட்டால் நடுவில் இருக்கும் மடி வெளியே தெரியாது. ஏனாத்தூர் உறவுக்காரிகள் வந்து வளைத்ததும் புத்தகத்தைப் பிரித்து, வரிகளை ராகத்தில் ஏற்றினாள்.

"காத்து தீர்ந்து போகுதே... கதவு தொறக்கலையே..."

கடைசியில் மூச்சுத் திணறியிருக்கும் போல என்று அவர்கள் கூடுதலாக அழுதார்கள்.

"எட்டுத் திக்கும் எதிரி வந்து சூழ்ந்தானே..."

"ஆமாம்மா, அந்தப் பங்காளிதான்" என்று ஒருத்தி மூக்கைச் சிந்தினாள்.

ஒரு கூட்டத்துக்கு அரைப் பக்கம் ஓடியது. அவர்கள் டீ குடிக்க எழுந்தால் கதையும் நின்றது. அடுத்த வேன் வரும்வரை செங்காந்தள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், ரேணுகாம்பாளும்தான்.

மேளம் வேகமெடுத்தபோது செங்காந்தள் கதவின் நெம்புகோலில் கை வைத்திருந்தாள். திறந்தால் அந்தப் பக்கம் அவள் கப்பல் நிற்கிறதா, வெறும் வெளியா? ரேணுகாம்பாள் பக்கத்தைப் புரட்டுவதற்குள் ஆண்கள் தூக்க வந்துவிட்டார்கள்.

"இருங்கப்பா, இன்னும் ஒரு பக்கம்தான்" என்று அவள் சொன்னதை மேளம் விழுங்கியது. தெருமுனைக்கு மேல் பெண்கள் போகக் கூடாது. பாடை திரும்பி மறைந்தது.

வீட்டைக் கழுவியதும் அவளை உள்ளறை மூலைக்கு மாற்றினார்கள். பெரியநாயகி வந்து கதவைச் சாத்தினாள்.

"எடுங்க."

"எத?"

"வட்டத்துல உங்க பக்கத்துலதான் குந்திக்கினு இருந்தேன். எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது அண்ணி."

புத்தகம் வெளியே வந்தது. பெரியநாயகி அதைப் பிடுங்கவில்லை.

"அந்தப் பொண்ணு வெளிய வந்துச்சா?"

"தெரியல. இன்னும் படிக்கல. உனக்கெப்படி அவளத் தெரியும்?"

"அண்ணன் நெதம் காலைல போன் பண்ணி, நேத்து அவ என்னா பண்ணான்னு சொல்லும்." பெரியநாயகி தரையின் ஈரத்தைக் காலால் ஒதுக்கினாள். "இன்னிக்கித்தான் வரல."

ரேணுகாம்பாள் பாயில் நகர்ந்து இடம் விட்டாள். படிக்கத் தொடங்கியதும் யாரோ கதவைத் தட்டினார்கள்.

"அப்புறம் வாங்கம்மா" என்றாள் பெரியநாயகி, கதவில் முதுகைச் சாய்த்து. "அண்ணி அழுதுக்கினு இருக்காங்க."

ரேணுகாம்பாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு அடுத்த வரிக்கு வந்தாள்.