பள்ளிக்கூடத்தில் நான் மிஸ்

'ஐ'க்கு ஆம், 'ஷீ'க்கு இஸ், 'தே'க்கு ஆர். இவ்வளவுதான் சங்கதி. இதை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் மண்டையில் ஏற்றுவதற்குள் என் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது. சேர்ந்து சொல்லச் சொன்னால் கூரை பிய்த்துக்கொண்டு போகும். தனியாக எழுப்பிக் கேட்டால் 'ஷீ ஆர் மை மதர்'தான். செவிடன் காதில் ஊதிய சங்கு.

"ஷீன்னா ஒருத்திதானேடா? ஒருத்திக்கு என்ன வரும்?"

"ஆர், மிஸ்!" என்றான் குண்டுப் பையன், மிட்டாய் கிடைக்கப்போகிற முகத்தோடு.

பெற்றோர் தினத்தன்று ஒவ்வொரு பிள்ளையும் தன் அம்மாவை மேடைக்குக் கூட்டி வந்து, இவர் என் அம்மா, இன்ன வேலை செய்கிறார் என்று ஆங்கிலத்தில் சொல்ல வேண்டுமாம். தலைமையாசிரியையின் ஏற்பாடு. அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டார். போகிற போக்கில், "இந்தத் தடவையும் சொதப்பினா மூணாங்கிளாஸ வேற டீச்சருக்குக் குடுத்துருவேன். நீங்க எல்கேஜிக்குப் போயிடுங்க" என்று ஒரு குண்டையும் போட்டார். எல்கேஜி என்றால் நாள் முழுக்க மூக்குத் துடைத்துவிடுவதும் ஷூ மாட்டிவிடுவதும்தான். நினைத்தாலே எரிச்சல் வந்தது.

வகுப்பில் தப்பே செய்யாத பிள்ளை ஒருத்திதான். என் மகள். ஆனால் பள்ளி வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் நான் அவளுக்கு மிஸ். டீச்சர் பிள்ளைக்குத் தனிச் சலுகை என்று யாரும் வாயைத் திறந்துவிடக் கூடாதே! ஒருமுறை வாய் தவறி 'அம்மா' என்றவளைப் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தினேன். அதற்குப் பிறகு அவள் வாய் தவறியதே இல்லை.

பெற்றோர் தினத்தன்று மேடையோரம் நின்று ஒவ்வொரு பிள்ளைக்கும் உதட்டை அசைத்துக் காட்டினேன். குண்டுப் பையன்கூட 'ஷீ இஸ் எ நர்ஸ்' என்று சொல்லிவிட்டான். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கடைசியில் என் மகள். முத்தாய்ப்பாக இருக்கட்டும் என்று நான்தான் அப்படி வைத்திருந்தேன்.

அவள் ஒரு பெண்மணியின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். பக்கத்துப் பெஞ்சு ரெட்டைச்சடையின் அம்மா. சற்று முன்புதான் தன் மகளோடு வந்துபோன தையல்காரம்மா. என்னைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்தார்.

"திஸ் இஸ் மை மதர். ஷீ இஸ் எ டெய்லர்."

பிசகே இல்லை. கைதட்டல் எழுந்தது. தலைமையாசிரியை என் காதருகே குனிந்தார். "அது உங்க பொண்ணுதானே? என்ன கூத்தோ போங்க. இங்கிலீஷ் சுத்தமா இருக்கு. கிளாஸ் உங்களுக்கே."

இறங்கி வந்தவளைப் பிடித்து நிறுத்தினேன்.

"என்னடி இது? உனக்கு அம்மா இல்லையா?"

"நீங்க மிஸ் ஆச்சே, மிஸ். இங்க அப்படிச் சொல்லக் கூடாதுல்ல? அதான் ஆன்ட்டிகிட்ட வர்றீங்களான்னு கேட்டேன்."

வீட்டுப்பாடத்தை நீட்டுகிற மாதிரி சொன்னாள். குறைப்பட்டிருந்தாலாவது திட்டியிருப்பேன். யார் மேல் எரிந்து விழுவது? கரகரவென்று அவளை மேடைக்கு இழுத்துப்போய் மைக்குக்கு முன்னால், என் பக்கத்தில் நிறுத்தினேன்.

"இப்ப சொல்லு."

"சொல்லலாமா, மிஸ்?"

"சொல்லுடி."

என்னை அண்ணாந்து பார்த்தாள். உதடு துடித்தது. பிறகு மைக் அலறும்படி கத்தினாள்.

"ஷீ ஆர் மை அம்மா!"

கூடமே சிரித்தது. தலைமையாசிரியை நெற்றியில் கை வைத்தார். அவள் என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

முன்வரிசையிலிருந்து குண்டுப் பையன் எழுந்து, "இஸ், மிஸ்! இஸ் வரும்!" என்று கூவினான்.

"நீ சும்மா இருடா" என்றேன்.