ஊருணியில் கால் படாமல்

"பலகை தொடைக்க எம் பழைய பனியன் ஒண்ணு எடுத்துட்டு வா அருளு" என்றார் என் வீட்டுக்காரர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வேப்பமர நிழலில் ரப்பர் பலகையை விரித்துப் போட்டிருந்தார். நான் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"எது பழசு எது புதுசுன்னு எனக்கென்ன தெரியும்? நீக போடுற எல்லாத்துலயுந்தான் ஓட்டை இருக்கு."

"ஓட்டை பெருசா இருக்கறது பழசு."

பனியனோடு திரும்பி வந்தபோது வேப்பமரத்தில் சாய்ந்து பலகைமேல் உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டேன். இன்னொரு முறை கூப்பிட்டேன். மாரடைப்பு என்று டாக்டர் சொன்னார்.

துக்கம் கேட்க வந்தவர்கள் அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, மரத்தடியைப் பார்த்தார்கள். "அது என்னத்தா, மெத்தையா, படகா?" என்று என் காதருகில் கேட்டார்கள். அன்றைக்குச் சொல்ல முடியவில்லை. நாலு வரியில் சொல்லிவிடக்கூடிய விஷயமும் இல்லை அது.

அவர் பெயர் சகாய ஆண்டனி. காரைக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். மானகிரியைத் தாண்டி உள்ளே இருக்கும் ஊரில் வீடு கட்டிக்கொண்டு வந்தோம். அங்கே போர் போட்டால் உப்புத் தண்ணீர்தான் வரும்; அதில் பருப்புக்கூட வேகாது. குடிக்க, சமைக்க எல்லாவற்றுக்கும் ஊருணி. அந்த ஊருணிக்கு ஒரே ஒரு சட்டம். யாருடைய காலும் தண்ணீரில் படக்கூடாது. செருப்பைக் கரையில் விட்டு, படியில் குனிந்து, குடத்தைச் சாய்த்து மொண்டுகொள்ள வேண்டும். ஆடு, மாடு, ஊருக்குப் புதிதாக வந்த மாப்பிள்ளை, யாருக்கும் விலக்குக் கிடையாது. வெளியூர்க்காரர்களான எங்களுக்கும் அந்தப் படியில் இடம் கொடுத்தவர் ஊர்த்தலைவரான அம்பலம் சேவுகப்பெருமாள்.

தொண்ணூற்று நான்காம் வருஷம் ஊருணி நடுவில் ஆகாயத்தாமரை படர்ந்தது. வழக்கமாகக் கோடையில் தண்ணீர் வற்றியதும் ஊரே இறங்கிச் சுத்தம் செய்துவிடும். அந்த வருஷம் கோடையிலும் மழை பெய்து ஊருணி வற்றவே இல்லை. கரையிலிருந்து கொக்கி போட்டு எட்டியவரை இழுத்தார்கள். நடுவில் இருந்தது நடுவிலேயே இருந்து தடித்தது. தண்ணீர் நாற ஆரம்பித்தது. தொண்டியிலிருந்து ஒரு வள்ளம் கொண்டுவரலாம் என்று ஒருவர் சொன்னார். "மீன் ஏத்துன வள்ளத்தைக் குடிக்கிற தண்ணியில விடுவீகளோ?" என்று அம்பலத்தின் மனைவி பொன்னுத்தாயி கேட்டதும் அந்த யோசனை அங்கேயே முடிந்தது.

கூட்டத்தில் என் வீட்டுக்காரர் எழுந்தார். "கால் படாம நான் எடுக்கிறேன்."

"எப்பிடி சார், பறந்தா?" என்றார் சேவுகப்பெருமாள்.

"நின்னுக்கிட்டே."

"எது மேல?"

"காத்து மேல."

கூட்டம் சிரித்து ஓய்ந்த பிறகு விளக்கினார். என் தம்பி அருண் ஜோசப் ஷார்ஜாவில் கடற்கரை ஓட்டல் ஒன்றில் வேலை பார்த்தான். காற்றடிக்கிற ரப்பர் பலகைகள் அங்கே உண்டு. பாய்மரம் நட்டு, நின்றுகொண்டே கடலில் போவார்களாம். பாய்மரம் ஒடிந்த பலகைகளைத் தூக்கி எறியப்போகிறார்கள். காற்றை இறக்கிச் சுருட்டினால் பெட்டிக்குள் அடங்கிவிடும்.

"செய்ங்க சார்" என்றார் அம்பலம். "ஆனா கால் பட்டுச்சுன்னா ஊருக்கு ஒரு சட்டம், வாத்தியாருக்கு ஒரு சட்டம்னு ஆயிரும். அப்புறம் உங்க வீட்டுக் குடம் இந்தப் படியில எறங்கக்கூடாது."

"சம்மதம்!" என்று மைதானத்துக்கே கேட்கிற குரலில் சொன்னார். குடம் தூக்குகிற என்னை யாரும் கேட்கவில்லை. இந்தப் படி போனால் அடுத்த நல்ல தண்ணீர் ரோட்டைத் தாண்டி அடுத்த ஊரில். அன்று இரவு அவருக்கு ரசத்தில் உப்புப் போடவில்லை.

தம்பி ஞாயிறுதோறும் காரைக்குடியில் மாயக்கண்ணனின் எஸ்.டி.டி. பூத்துக்குக் கூப்பிடுவான். மாயக்கண்ணன் இவரிடம் படித்தவன். அன்றைக்குக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே வரிசையில் நின்றவர்களும் இவரிடம் படித்தவர்கள்தான். கதவு சரியாகச் சாத்தாது.

"ரெண்டு பலகை கெடக்கு மச்சான். ஒண்ணு அகலம், நல்லாத் தடிமன். இன்னொண்ணு ஒல்லி. உங்க வெயிட்டு எவ்வளவு? அதை வச்சுத்தான் எடுக்கணும்."

இவர் வெளியே பார்த்தார். வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார். "அறுபத்தஞ்சு!"

மாயக்கண்ணன் ஒரு முறை அவர் வயிற்றைப் பார்த்துவிட்டு மீட்டரைப் பார்த்துக்கொண்டான்.

"அப்ப ஒல்லியே போதும். அதுதான் வேகமாவும் போகும்."

"வேகம்தான் மாப்ளே வேணும்!"

நிற்கிற ஊருணியில், நிற்கிற ஆகாயத்தாமரையைப் பிடிக்க என்ன வேகம் என்று எனக்குத் தோன்றியது. பூத்தில் வைத்துக் கேட்கவில்லை.

தம்பி லீவில் வந்து பெட்டியை இறக்கியபோது தெருவே டி.வி. என்று நினைத்துத் திரண்டது. சைக்கிள் கடை சோமு லாரிக்குக் காற்றடிக்கிற பம்பைக் கொண்டுவந்தான். வாய் பொருந்தாமல் பழைய டியூபை வெட்டிச் சுற்றினான். அடித்தவர்கள் மாறி மாறி மூச்சு வாங்க, பலகை மட்டும் மெதுவாக நிமிர்ந்தது.

"கட்டை மாதிரி ஆகணும். தொளதொளன்னு இருந்தா நடுவுல மடங்கிரும்" என்றான் தம்பி.

"இதுல எத்தனை பேரு படுக்கலாம் சார்?" என்று சோமு கேட்டான்.

"படுக்கறதுக்கு இல்லடா. நிக்கறதுக்கு."

"நிக்கறதுக்குத்தான் தரை இருக்கே சார்."

பள்ளிக்கூடத்தில் உடைந்துபோன கேரம் பலகையில் பாதியை மூங்கிலில் அடித்துத் துடுப்பு செய்தார். கால் நனைக்கத் தடையில்லாத கண்மாயில் பழகப் போனோம். ஏறி நின்றார். பலகை கீழே போனது. கணுக்கால்வரை தண்ணீரில் நின்றுகொண்டு, எல்லாம் திட்டப்படி நடப்பதுபோலத் துடுப்பை வலித்தார். பிறகு விழுந்தார். எருமைகள் நகர்ந்து இடம் கொடுத்தன.

"மச்சான், பலகை தண்ணிக்கு மேல இருக்கணும். நீக நின்னா அது கண்மாய் ஆழம் பாக்குது. உண்மையச் சொல்லுங்க, எத்தனை கிலோ?"

அவர் என்னைப் பார்த்தார்.

"எண்பத்துமூணு" என்றேன். "அரிசி மில்லுத் தராசுல ஏறுனப்ப நானும் பக்கத்துலதான் நின்னேன்."

"அன்னிக்கு பூத்து வாசல்ல நின்னது யாரு தெரியுமா?" என்றார், தலையிலிருந்து பாசியை எடுத்தபடி. "எல்லாம், வயித்த உள்ள இழுடான்னு எங்கிட்ட அடி வாங்குன பயலுக. அவனுக முன்னால எண்பத்துமூணுன்னு கத்தச் சொல்றியா?"

தம்பி என்னைப் பார்த்தான். "அக்கா, நீ ஏறு."

நான் மாட்டேன் என்றேன். அடுத்த ஊருணிக்கு நடக்கிற தூரத்தை நினைத்துப் பார்த்தேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன்.

அதன்பிறகு தினமும் விடிகாலையில் கண்மாய்க் கரையில் விசில் சத்தம். "முட்டி போடு! கை ஊன்று! ஒரு கால் முன்னால்! எழு! பார்வை நேரே!" காலைப் பார்த்தால் விழுவேன், எதிர்க்கரைப் பனையைப் பார்த்தால் நிற்பேன். இவ்வளவுதான் வித்தை. முதல் முறை முழங்கால் நடுங்காமல் நின்றபோது, "ஸ்டாண்ட் அட் ஈஸ்!" என்றார். எனக்கு அது என்னவென்று தெரியாது. அவர் அகட்டியதைப் பார்த்து நானும் காலை அகட்டினேன். விழுந்தேன்.

வீடு திரும்பியதும் பலகைக்குத்தான் முதல் கவனிப்பு. சேறு போகக் கழுவி, கருவேல முள் குத்தியிருக்கிறதா என்று சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்து, குமிழி வந்த இடத்தில் சோமுவைக் கூப்பிட்டு ஒட்டுப்போட்டு, நிழலில் காயவைத்து, மடிப்பில் பவுடர் போட்டார். பெற்ற மகள் கிறிஸ்டிக்குக்கூட அவர் பவுடர் போட்டு நான் பார்த்ததில்லை.

குறித்த நாளில் கரை முழுக்க ஆட்கள். பொன்னுத்தாயி மஞ்சள் தண்ணீரால் பலகையைக் கழுவிய பிறகுதான் ஊருணியில் விட்டார்கள். தம்பி படியோடு பலகையை அணைத்துப் பிடித்துக்கொண்டான். படியிலிருந்தே முட்டி போட்டு ஏறினேன். விசில் கேட்டது. எழுந்தேன். ஐம்பது கிலோவான எனக்கு அந்த ஒல்லிப் பலகை தாம்பாளம்போல மிதந்தது.

நடுவுக்குப் போய்க் கொக்கியால் வேரோடு இழுத்துப் பலகையில் குவித்தேன். நிறைந்ததும் கரையிலிருந்து கயிற்றால் இழுத்தார்கள். முதல் நடை வந்து சேர்ந்தது.

"காலு நனைஞ்சிருக்கே!" என்றார் சேவுகப்பெருமாள்.

ஆகாயத்தாமரை வேரிலிருந்து வடிந்த தண்ணீர் அது. நான் வாய் திறக்குமுன் பொன்னுத்தாயி முந்திக்கொண்டார். "குடம் தூக்கிட்டு வர்றப்ப எங்காலுலயுந்தான் சிந்துது. நாளையிலருந்து நீக தூக்கிட்டு வர்றீகளா?"

அம்பலம் அதற்குமேல் என் காலைப் பார்க்கவில்லை.

மத்தியானத்துக்குள் நடு வெளுத்து வானம் தெரிந்தது. கடைசி நடை. நான் கயிற்றை வீசினேன். விசிலை வாயில் வைத்தபடி அதைப் பிடிக்க என் வீட்டுக்காரர் கீழ்ப்படிக்குப் பாய்ந்தார். படியில் பாசி.

வழுக்கி ஒரு சுற்றுச் சுற்றி மல்லாக்க விழுந்தார். தலை, தோள், இடுப்பு எல்லாம் தண்ணீருக்குள். கால் இரண்டு மட்டும் வெளியே. முதலில் படிமேல் தற்செயலாக மாட்டிக்கொண்டிருந்தன. பிறகு அவருக்குச் சட்டம் ஞாபகம் வந்திருக்க வேண்டும். இரண்டு காலையும் சேர்த்து, விறைப்பாக, அட்டென்ஷனில் நிற்பதுபோல மேலே தூக்கினார். தண்ணீருக்குள்ளிருந்து விசில் குமிழியோடு ஒரு முறை ஊதியது. மூச்சு முட்டியும் காலை இறக்கவில்லை. சோமுவும் தம்பியும் ஆளுக்கொரு காலைப் பிடித்து, வாழைத்தார் இழுப்பதுபோலப் படிப்படியாக மேலே இழுத்தார்கள்.

கரையில் ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் சேவுகப்பெருமாளைப் பார்த்தார்கள். நான் பலகைமேல் நின்றபடி பார்த்தேன். அம்பலம் ஒரு படி இறங்கி வந்தார். குனிந்து என் வீட்டுக்காரரின் இடது பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். வலது பாதத்தையும் தொட்டார். விரல்களைத் தேய்த்துப் பார்த்துக்கொண்டார்.

"மத்ததெல்லாம் பட்டுருக்கு" என்றார். "கால் படலை."

பிறகுதான் கரை சிரித்தது. பொன்னுத்தாயி சிரித்துச் சிரித்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். என் வீட்டுக்காரர் வாயிலிருந்து தண்ணீரைத் துப்பிவிட்டு, "அறுபத்தஞ்சு கிலோவா இருந்திருந்தா விழுந்திருக்கவே மாட்டேன்" என்றார்.

அதற்குப் பிறகு ஆகாயத்தாமரை தலைகாட்டும்போதெல்லாம் நான் பலகையில், அவர் கரையில். அவரைக் கீழ்ப்படிக்கு மட்டும் யாரும் விடுவதில்லை.

போன வருஷம் அவரை அடக்கம் செய்து, உறவெல்லாம் போன பிறகு, விடியுமுன் குடத்தை எடுத்துக்கொண்டு நான் தனியாக ஊருணிக்குப் போனேன். படியில் இடம் கேட்டு வாங்கியவர் அவர். அவர் இல்லாதபோது அந்த இடம் எனக்கு உண்டா என்று யாரைக் கேட்பது? பொன்னுத்தாயி முன்னமே வந்திருந்தார். தன் குடத்தை அங்குட்டு நகர்த்தி வைத்தார். நான் குனிந்து மொண்டேன்.

வீட்டுக்கு வந்து உலை வைத்தேன். ஊருணித் தண்ணீரில் துவரம்பருப்பு எப்போதும்போலச் சீக்கிரம் வெந்தது.