ஐம்பது மடங்கு போதும்

இரும்புத் தகடு உருட்டும் அந்த ஆலையில் சோதனைக்கூட மேலாளருக்குப் 'பூதக்கண்ணாடி' என்று பெயர். வைத்தவன் சொந்தக் கொழுந்தன். உருட்டுப் பிரிவின் ஃபோர்மேன். வீட்டில் அண்ணி, ஆலையில் பூதக்கண்ணாடி.

அன்று காலை அவள் நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்கியபோது அவன் எட்டிப்பார்த்தான்.

"ஏன் அண்ணி, கடுகு வெடிச்ச மாதிரி மூஞ்சி?"

"நீயே வந்து பாரு. மணி ஒவ்வொண்ணும் ஊதிக் கிடக்கு."

கரி குறைந்த இரும்பு சாது. வளைத்தால் வளையும், அழுத்தினால் அமுங்கும். ஆனால் செஞ்சூட்டில் தகடானதும் நீர்த்தூவிகளுக்கு அடியில் ஓடி, சூடு தணிந்த பிறகுதான் சுருளவேண்டும். அப்போதுதான் உள்ளே இரும்பின் படிக மணிகள் பொடிசாக நிற்கும். டைரக்டரோ சாதனை மாதம் என்று அறிவித்து வேகத்தைக் கூட்டிவிட்டார். தூறலில் ஓடும் பூனையைப் போலத் தகடு தண்ணீருக்கடியில் பாய்ந்து, கொதிப்போடு சுருண்டது. அந்தச் சூட்டில் மணிகள் சாவகாசமாக உட்கார்ந்து பெருத்தன. இந்தத் தகட்டை அழுத்திக் குளியல் தொட்டி செய்தால் மேல்பரப்பு ஆரஞ்சுத் தோலாகச் சொரசொரக்கும்.

"வேகத்தைக் குறைடா."

"என் கையில என்ன இருக்கு? நான் ஊதுகுழல். வாய் மாடியில இருக்கு."

மறுநாள் அந்தத் தகடுகள் தொட்டிக்காரருக்குப் போகவேண்டும், அவள் கையெழுத்தோடு. கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லியாயிற்று. செவிடன் காதில் ஊதிய சங்கு. நுண்ணோக்கியில் எடுத்த படத்தோடு மாடி ஏறினாள்.

குளிரூட்டிய அறைக்குள்ளும் டைரக்டர் தலைக்கவசத்தோடு இருந்தார். போட்டோக்காரர் எப்போது வருவாரோ!

"என்னம்மா இது, காஞ்ச ஏரி மாதிரி?"

"நம்ம தகடுதான் சார். மணி பெருத்துப்போச்சு."

"எத்தனை மடங்கு பெருசாக்கி எடுத்தே?"

"நூறு மடங்கு."

"அங்கதான் தப்பு பண்ணிட்டே. ஐம்பதுல எடு, மணி பாதியாயிடும்."

வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

"சார், படம்தான் சின்னதாகும். இரும்பு அப்படியேதான் இருக்கும்."

"நல்லதையே பாரும்மா. இந்தத் தொழில்ல தலை நரைச்சவன் நான்."

அந்த நரையைக் கண்டவர் ஆலையில் யாருமில்லை.

அவள் கையெழுத்துப் போட மறுத்தாள். அவரே போட்டார், கீழே 'தலைமை நுண்கட்டமைப்பு ஆலோசகர்' என்று புதுப் பட்டத்தோடு. சரக்கு கிளம்பியது. ஐம்பது மடங்கில் புதுப்படம் எடுக்கவைத்து, அதைச் சுவர் முழுக்கப் பெரிதாக்கி வரவேற்பறையில் மாட்டச் சொன்னார். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு மணிகள் பளபளத்தன.

ஒரு வாரத்தில் தொட்டிக்காரர் வந்தார். ஆளோடு தொட்டியும் வந்தது. மேசைமேல் கவிழ்த்தார்.

"தடவிப் பாருங்க."

டைரக்டர் தடவினார். "வழுக்காம இருக்குமே!"

"வழுக்காது சார். குளிக்கிறவன் முதுகுதான் உரியும். அத்தனை தகட்டையும் திருப்பி எடுத்துக்குங்க."

அவர் போனதும் டைரக்டர் பூதக்கண்ணாடியையும் ஃபோர்மேனையும் கூப்பிட்டனுப்பினார்.

"இவ்ளோ பெரிய விஷயத்தை இப்படிப் பூசி மெழுகியா சொல்றது? மேசையைத் தட்டிச் சொல்லியிருக்க வேணாமா?"

தட்டினாள். டைரக்டரின் தேநீர் தொட்டியோரமாக ஓடியது.

"இப்பச் சொல்றேன் சார். வேகத்தைக் குறைங்க!"

"கோபப்படாதேம்மா. விசாரணைக் குழு போடுறேன், நீதான் தலைவி. சோதனைக்கூடம் ஏன் எச்சரிக்கலைன்னு கண்டுபிடி."

"நான் எச்சரிச்சேனே!"

"அதையும் குழு முடிவு பண்ணட்டும்." ஃபோர்மேன் பக்கம் திரும்பினார். "திரும்பி வர்ற சரக்கை ஈடுகட்டணும்ப்பா. வேகத்தை இன்னும் கொஞ்சம் ஏத்து."

படியிறங்கும்போது கொழுந்தன் அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்: "தலைவியம்மா, என்னை எப்ப விசாரிப்பீங்க?"

"வாயை மூடு. தண்ணியையாவது கூடுதலாத் திற."

"முழுசாத் திறந்தாச்சு அண்ணி. இனிமே திறக்கக் குழாய் இல்ல."

அவன் உருட்டுக்கூடத்துக்குப் போனான். சிறிது நேரத்தில் உருளைகளின் இரைச்சல் ஒரு சுருதி ஏறியது. சோதனைக்கூட மேசையில் புதுச் சுருளின் வாலிலிருந்து வெட்டிய துண்டு கிடந்தது. தேய்த்து நுண்ணோக்கியில் பார்க்கலாமென்று எடுக்கப்போனவள் சூடு தாங்காமல் வெடுக்கென்று விரலை இழுத்துக்கொண்டாள்.